அத்தை கதாநாயகியான ஞாயிற்றுக்கிழமை

சினிமாவில் நடித்தவர்கள் டிவி சீரியலுக்கு வந்துவிட்டால் இப்போது ஊரே உச்சுக் கொட்டுகிறது. எங்கள் வீட்டில் இது ஐம்பதுகளின் கடைசியிலேயே நடந்துவிட்டது. டிவி என்று ஒன்று இல்லாததால் எங்கள் அத்தை சினிமாவிலிருந்து ரேடியோவுக்குப் போனாள்.

அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, சேலத்து ஸ்டூடியோவுக்குப் போய் நான்கு படங்களில் நடித்தவள். நான்கிலும் கதாநாயகிக்குத் தோழி வேஷம். கதாநாயகி பாடினால் பக்கத்தில் நின்று தலையாட்ட வேண்டும், அழுதால் கண்ணைத் துடைத்துவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் பெங்களூர் ஒக்கலிபுரத்தில் ரயில் பாதையை ஒட்டி இருந்த எங்கள் சந்துக்கு அது போதும். படம் வந்தால் சந்தே திரண்டு போகும். கதாநாயகியின் முகம் எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை. நாங்கள் பார்த்ததெல்லாம் அவளுக்குப் பின்னால் நின்ற அத்தையைத்தான்.

ஐந்தாவது படத்தில் கொஞ்சம் பெரிய வேஷம் தருவதாகச் சொல்லியிருந்தார்களாம். அதற்குள் அவளுக்குப் பெரியம்மை கண்டது. உயிர் தப்பியதே பெரிது என்றார்கள். முகமெல்லாம் தழும்போடு, ஒரு தகரப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மாவோடு உட்கார்ந்து ஊதுபத்தி உருட்டினாள். குழாயடிக்குப் போனால்கூட முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்து, பாதி முகத்தை மூடிக்கொண்டுதான் போவாள். அவள் சிரித்து நான் கேட்டே ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. எனக்கு ஒன்பது வயது. பெரியவர்கள் அப்படித்தான் இருப்பார்கள் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

அப்பா கூட்ஸ் ஷெட்டில் வேலை பார்த்தார். அவரோடு வேலை செய்தவரின் அண்ணன் ரேடியோவில் கன்னட நாடகம் போடுகிறவர். ஒருநாள் அப்பாவைத் தேடி வந்தவர், உள்ளேயிருந்து அத்தை பதில் சொன்ன குரலைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டார். பெங்களூரிலேயே பிறந்த அத்தைக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு.

"ரேடியோக்கு மொகம் பேக்கில்லம்மா, கொரல் இருந்தா சாக்கு" என்றார் அவர், முகம் வேண்டாம், குரல் இருந்தால் போதும் என்பதைத் தன் கன்னடத் தமிழில்.

நல்ல மனதோடுதான் சொன்னார். அத்தை இரண்டு நாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஊதுபத்தி உருட்டினாள். மூன்றாம் நாள் சரி என்றாள். ஒரு நாடகத்தில் போட்டுப் பார்ப்பார்கள். நன்றாக வந்தால் மாதாமாதம் கூப்பிடுவார்கள். இல்லையென்றால் ஆயுசுக்கும் ஊதுபத்திதான்.

கொடுத்த வேஷம் கதாநாயகி. பதினாறு வயதுப் பூக்காரப் பெண், அவளிடம் மயங்கும் ராஜா. அத்தை கன்னட வசனம் முழுவதையும் தமிழ் எழுத்தில் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். வீட்டில் ஒத்திகைக்கு நான்தான் ராஜா. அவ்வளவு கீச்சுக்குரல் ராஜா எந்த நாட்டையும் ஆண்டிருக்க மாட்டான். ஆனாலும் அத்தை என்னையே பார்த்து நாணினாள், கோபித்தாள், கண் கலங்கினாள். எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

ஓர் இடத்தில் மட்டும் தடங்கல். "உன் முகம் பௌர்ணமிச் சந்திரன்" என்று ராஜா சொல்வான். அவள் வெட்கப்பட்டு வாய்விட்டுச் சிரிக்க வேண்டும். அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் ராஜா ராஜ்யத்தையே விடுகிறான். அது இல்லையென்றால் நாடகமே இல்லை. அத்தையோ அந்த இடம் வந்ததும் நோட்டைப் பார்த்தபடி சும்மா இருப்பாள். பாவம், மறந்துவிடுகிறது என்று நினைத்து நான் எடுத்துக் கொடுப்பேன்.

"அத்தே, இங்க நீ சிரிக்கணும்."

"தெரியும்டி."

"அப்போ சிரி."

"அங்க போய்ச் சிரிச்சுக்கறேன். நீ மேல படி."

அங்கேயும் சிரிக்கவில்லை போலிருக்கிறது. அந்தச் சிரிப்பு வராவிட்டால் வேஷத்தை வேறு ஒருத்திக்குக் கொடுத்துவிடுவதாக நாடகக்காரர் சொன்னதை அவள் அம்மாவிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ரேடியோ நிலையத்தில் நடந்த முதல் ஒத்திகைக்கு அவள் ஷூட்டிங்குக்குப் போகிற மாதிரிதான் போனாள். முகத்துக்குப் பவுடர், உதட்டுக்குச் சாயம், பட்டுப் புடவை, கை நிறையக் கண்ணாடி வளையல். திரும்பும்போது வளையல் எல்லாம் கைக்குட்டையில் முடிந்திருந்தது. வளையல் சத்தம் மைக்கில் கேட்கிறதாம். பட்டு சரசரப்பது அதைவிட மோசமாம். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.

நாடகம் நேரடியாக ஒலிபரப்பான ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அத்தை நூல் புடவையும் வெறுங்கையுமாகப் புறப்பட்டாள். பவுடரை மட்டும் விடவில்லை. கண்ணாடி முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து தழும்பு தழும்பாக மெழுகினாள்.

"ரேடியோல மொகம் தெரியாதே அத்தே?" என்றேன்.

"எனக்குத் தெரியுமில்ல?" என்றாள்.

எங்கள் சந்தில் ரேடியோ இருந்த ஒரே இடம் பாயின் தையல் கடை. அன்றைக்கு அவர் மிஷினை நிறுத்திவிட்டார். கடைக்குள்ளும் வெளியிலும் ஒரே கூட்டம். அம்மா மட்டும் வரவில்லை. அடுப்பு வேலை இருக்கிறது என்றாள், உண்மையில் அவளுக்குப் பயம்.

அத்தையின் குரல் வந்ததும் கூட்டம் மூச்சு விடவில்லை. எத்தனை முறை ஒத்திகையில் கேட்டிருக்கிறேன், எனக்கே அடையாளம் தெரியவில்லை. பதினாறு வயதுப் பெண் ஒருத்தி பூக்கூடையோடு கடைக்குள் வந்து நின்ற மாதிரி இருந்தது. நான்கு படத்தில் தோழியாக நின்றவளுக்குள் இவ்வளவு பெரிய நடிகை இருந்தது அந்தச் சேலத்துக்காரர்களுக்குத் தெரியாமலே போயிற்று.

"க்யா ஆவாஸ்! என்னா கொரல்!" என்றார் பாய்.

பேண்ட் வாங்க வந்திருந்த ஒரு வாலிபன், வேறு தெருக்காரன், ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். "இந்தப் பொண்ணு எவ்ளோ அழகா இருப்பா!" என்றான். சந்துக்காரர்கள் ரேடியோவையே பார்த்தார்கள்.

ராஜா பௌர்ணமிச் சந்திரன் என்றான். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்துக் கூட்ஸ் வண்டி வந்தது.

எங்கள் சந்தில் ஒரு பழக்கம் உண்டு. ரயில் வந்தால் பேச்சைப் பாதியில் நிறுத்திவிடுவோம். சண்டையானாலும் சரி, தூக்கிய கையோடு நின்று, கடைசிப் பெட்டி போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம். ரேடியோவுக்கு இந்த மரியாதை தெரியவில்லை. நாற்பது பெட்டி கடகடத்து ஓய்ந்தபோது ராஜா ராஜ்யத்தைத் துறந்து காட்டுக்குள் நடந்துகொண்டிருந்தான். அவள் சிரித்தாளா இல்லையா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. நாடகம் முடிந்து ஒரு மணி நேரம் ஆகியும் கூட்டம் கலையாமல் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது.

அத்தை பஸ்ஸிலிருந்து இறங்கி, வழக்கம்போல் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு வந்தாள். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக் கடைக்கு இழுத்து வந்தேன்.

"அத்தே, அந்த எடத்துல சிரிச்சியா? ரயில் வந்துடுச்சு, எங்களுக்குக் கேக்கல!"

"ஆமா தங்கச்சி, மெயின் எடத்துல கூட்ஸ் வந்து கெடுத்துடுச்சு" என்றார் பாய்.

"சிரிச்சேன்டி" என்றாள் அத்தை, தரையைப் பார்த்து. "அங்க கண்ணாடி ரூமுக்குள்ள ரெண்டு பேர்தான் பாத்துட்டிருந்தாங்க."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஸ்டூலில் இருந்த வாலிபனிடம், "இவங்கதான் அந்தப் பொண்ணு" என்றேன். அவன் நிமிர்ந்து பார்த்தான். பஸ் நெரிசலில் வியர்த்துப் பவுடர் கரைந்திருந்தது. அவன் சட்டென்று குனிந்துகொண்டான். என் கையைப் பிடித்திருந்த அத்தையின் கை வலிக்கிற அளவுக்கு இறுகியது.

பிறகு அவள் என்னைப் பார்த்தாள். "ராஜா என்ன சொன்னான், சொல்லு."

நான் கத்திச் சொன்னேன், சந்து முழுக்கக் கேட்கும்படி.

அத்தை முந்தானையைத் தோளுக்குத் தள்ளிவிட்டு, முகத்தை நிமிர்த்திச் சிரித்தாள். தொண்டையில் சின்னதாகக் கிளம்பி, அடக்கப் பார்த்து, அடங்காமல் வெடித்துக் கடையை நிறைத்த சிரிப்பு. பாய் இஞ்ச் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அந்த வாலிபன் ஸ்டூலை விட்டு எழுந்து நின்றான். அதன் பிறகு பல வருஷம் ரேடியோவில் அவள் எத்தனையோ ராணிகளாக வந்தாள், அத்தனையும் கேட்டிருக்கிறேன். அந்தச் சிரிப்புக்கு ஈடாக ஒன்றும் கேட்டதில்லை.

நான் வீட்டுக்கு ஓடினேன். அத்தைக்கு மறதி போய்விட்டது, எல்லோர் முன்னாலும் சரியான இடத்தில் சிரித்தாள், நான்தான் எடுத்துக் கொடுத்தேன் என்று மூச்சு வாங்க அம்மாவிடம் சொன்னேன். அம்மா கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்போ முந்தானை தலைமேல இருந்துச்சாடி?"

"இல்ல, தோள்ல இருந்துச்சு."

"நல்லாப் பாத்தியா?"

பார்த்தேன் என்றேன். அம்மா மறுபடியும் அதையே கேட்டாள். நான் எவ்வளவு பெரிய சேதியைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இவள் புடவையைப் பற்றியே கேட்டுக்கொண்டிருக்கிறாளே என்று எனக்குக் கோபமாக வந்தது.