மூலை மங்கிய லென்ஸ்

நாமக்கல்லில் ஒரு பயாப்ஸி லேப்பில், திசு வைத்த கண்ணாடித் துண்டுகளைப் படமெடுக்கும் புது ஸ்லைடு ஸ்கேனரை நிறுவப் போயிருந்தேன். மைக்ரோஸ்கோப் சர்வீஸ் இன்ஜினியர் வேலை எனக்கு. அந்த ஸ்கேனரில் லென்ஸ்தான் விசேஷம். சாதாரண லென்ஸில் செல்லை நுணுக்கமாகப் பார்த்தால் துளி இடம்தான் தெரியும். இது அகலமான இடத்தையும் அதே நுணுக்கத்தோடு ஒரே படத்தில் தரும்.

தந்தது. ஆனால் படத்தின் வலது மேல் மூலை மட்டும் மங்கியிருந்தது.

சென்னையிலிருந்த மேனேஜருக்குப் போன் செய்தேன்.

"நடுவுல ஷார்ப்பா இருக்குல்லம்மா? அது போதும். இன்ஸ்டலேஷன் ரிப்போர்ட்ல கையெழுத்து வாங்கிட்டுக் கிளம்பு" என்றார்.

பக்கத்தில் நின்ற லேப் டாக்டரம்மா விடவில்லை. "கட்டிய முழுசா எடுத்தாச்சான்னு வெட்டுன ஓரத்தப் பாத்துத்தானுங்க சொல்றோம். அந்த ஓரம் இந்த மூலைல வந்து உழுந்தா என்னங்க பண்றது?"

வெளியே மோகனூர்க்கார அம்மா ஒருவர் காத்திருந்தார். மார்புக் கட்டிக்கு ஆபரேஷன் ஆனவர். என்னைப் பார்த்ததும் எழுந்தார். "ஏனுங்க சாமி, மிஷினு ஓடுதுங்களா? என்ற ரிசல்ட்டு இன்னைக்கு வருமுங்களா?"

உள்ளே போய் லென்ஸின் நாலு ஸ்க்ரூவையும் கழற்றி, கால் சுற்று திருப்பி மாட்டினேன். கேமரா சாய்ந்திருந்தால் மங்கல் அதே மூலையில் நிற்கும். அது லென்ஸோடு சேர்ந்து அடுத்த மூலைக்குப் போனது. கோளாறு லென்ஸுக்குள்தான். அதை அங்கே வைத்துச் சரிசெய்ய வழியில்லை. மறுபடி மேனேஜருக்குப் போன் செய்தேன்.

"வேற லென்ஸ் அனுப்புங்க சார். இத வச்சு இன்ஸ்டலேஷன் ரிப்போர்ட் போட மாட்டேன்."

"ஒரு மூலைக்காக ஆர்டரையே கெடுக்கறியா? வேற ஆள அனுப்பவா?"

"அனுப்புங்க. அவரையும் லென்ஸத் திருப்பிப் பாக்கச் சொல்லுங்க."

போனை வைத்தேன். எடுத்த படங்களை எல்லாம் அவருக்கு அனுப்பினேன்.

டாக்டரம்மா பழைய மைக்ரோஸ்கோப்பில் உட்கார்ந்து, மோகனூர் அம்மாவின் ஸ்லைடுகளைத் துளித்துளியாக நகர்த்திப் பார்த்தார். ஓர் ஓரத்தில் புற்று செல்கள் சிறு கொத்தாக இருந்தன. அந்த அம்மாவுக்கு மறுபடி ஆபரேஷன் நடந்தது.

மாற்று லென்ஸ் வந்து சேர்ந்தது. படங்களைப் பார்த்த மேனேஜர்தான் அனுப்பியிருந்தார். மாட்டியதும் முதலில் ஸ்கேன் செய்தது அந்த இரண்டாவது ஆபரேஷன் ஸ்லைடுகளைத்தான். நாலு மூலையும் பளிச்சென்று இருந்தன. டாக்டரம்மா ஒவ்வொரு ஓரமாகப் பார்த்துவிட்டு மோகனூர் அம்மாவை உள்ளே கூப்பிட்டார்.

"சுத்தமா இருக்குதுங்கம்மா."

"அப்ப இனி வெட்ட வேண்டியதில்லைங்களா?"

"இல்லைங்க."

அந்த அம்மா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். படம் எங்கே நன்றாக இருக்கிறது என்று காட்டச் சொல்வார்கள். எங்கே மோசம் என்று நீங்கள் முதலில் பாருங்கள். பார்த்ததைச் சொல்லுங்கள். சொன்ன பிறகு பின்வாங்காதீர்கள்.