பொட்டு வைத்த நீலக் கல்

திண்டிவனம் பக்கத்துக் கல்குவாரியில் நான் ஜல்லி உடைத்த காலத்தில் கிடைத்த கல் அது. வெளிறிய கல்தான். வெயிலில் சாய்த்தால் மட்டும் உள்ளிருந்து ஒரு நீலம் எழுந்து வரும். திருப்பினால் மறைந்துவிடும்.

ஆயுத பூஜையன்று குவாரியில் சம்மட்டி, கடப்பாரை, உளி எல்லாவற்றையும் கழுவி, வரிசையாக வைத்துப் பொட்டு வைப்போம். அந்த வருடம் வரிசையின் கடைசியில் இந்தக் கல்லையும் வைத்தேன். ஜல்லி சுமக்கும் பெண் ஒருத்தி குனிந்து பார்த்தாள். அவளிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று பல மாதமாக நினைத்திருந்தேன், வாய் வரவில்லை.

"இது இன்னா வேலை செய்யுதுன்னு இதுக்கும் பொட்டு வச்சிக்கினு கீற?"

கல்லை எடுத்து வெயிலில் சாய்த்துக் காட்டினேன். அவள்தான் என் மனைவி.

கல்யாணமாகி விழுப்புரம் வந்தபோது கல்லும் வந்தது. வருடா வருடம் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் அதையும் வைத்துச் சந்தனம், குங்குமம் இடுவாள்.

போன வருடம், மகளின் கல்லூரியில் பாறைகளைப் பற்றிப் பாடம் நடத்தும் மேடம் வீட்டுக்கு வந்தார். கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது ஃபெல்ஸ்பார்ங்க. உள்ள என்ன கலந்திருக்குன்னு பாத்துதான் வகை பிரிப்போம். பொட்டாசியம் ஒரு வகை. சோடியமும் கால்சியமும் கலந்தது இன்னொரு வகை. பேரியம் இருந்துச்சுன்னா ரொம்ப அபூர்வம்."

விரிசலில் ஓடிய சிவப்பைக் காட்டி, "இது இரும்புக் கறை," என்றார்.

"குங்குமம் மேடம்," என்றாள் மனைவி. மேடம் சிரித்துவிட்டார்.

சோதிக்க ஒரு சில்லு வேண்டும், பேரியம் இருந்தால் கல்லையே கல்லூரிக்குக் கொடுப்பீர்களா என்று கேட்டார். முடியாது என்று சொல்லத்தான் நினைத்தேன். தலை தானாக ஆடிவிட்டது. நீலம் வராத ஓரமாகப் பார்த்து நானே சுத்தியால் தட்டிக் கொடுத்தேன்.

அன்று இரவு மனைவி படுக்கும்போது, "குடுக்கறதுன்னா நல்லா கழுவிக் குடு. குங்குமத்தப் பாத்து அங்கயும் சிரிப்பாங்க," என்றாள்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் விடுதியிலிருந்து மகள் போன் செய்தாள்.

"பேரியம் இல்லப்பா. பொட்டாசியம் வகைதானாம். சோடியம் வகை அதுக்குள்ள மெல்லிசா ஏடு ஏடா கீதாம். அதுல வெளிச்சம் பட்டுதான் நீலமா தெரியுதாம். ரொம்ப அபூர்வம்லாம் இல்லியாம்."

அவளுக்கு ஏமாற்றம். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

மனைவியிடம் சொன்னேன். சந்தனம் கரைத்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"அபூர்வமே இல்லாத கல்லத்தான் அன்னிக்கி எனக்கு அவ்ளோ பெருசா காட்டுனியா?"

அன்றைக்குப் போலவே கல்லை எடுத்து ஜன்னல் வெயிலில் சாய்த்தேன்.

"போதும், எட்தாந்து வை," என்றாள். "பொட்டு வைக்கணும்."