மஞ்சள் தண்ணீர் விழுந்த கிண்ணம்

என் மனைவி வெண்ணிலா ஒலக்கூருக்கு அருகே ஒரு மீன்குஞ்சுப் பண்ணையில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தாள். நான் அங்கேயே மோட்டார் பார்த்தேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றவள், பயிற்சிக்கு வந்தவர்கள் விட்டுச்சென்ற துண்டறிக்கைகளைப் படித்தே மீன் இனப்பெருக்கத்தைக் கற்றுக்கொண்டாள். அவளது நோட்டின் முதல் பக்கத்தில் இருப்பது: ‘மாட்டுக்குக் கரு உள்ளே சேர்கிறது. மீனுக்கு வெளியே. வெளியே சேர்வதை யார் வேண்டுமானாலும் கெடுக்கலாம்.’

நாட்டுக் கெளுத்தியில் பெண்ணின் வயிற்றை அமுக்கினால் முட்டை வரும். ஆணிடம் அப்படி வராது. வயிற்றைக் கிழித்து விந்துப்பையை எடுத்து, ஒரு கிண்ணத்தில் உப்புக் கரைசல் ஊற்றி அதில் நசுக்க வேண்டும். ஒரே தடவையில் பொரிக்கும் ஒவ்வோர் ஈட்டுக் குஞ்சுக்கும் ஓர் ஆண் சாகும். அந்தக் கிண்ணத்தில் வெறும் தண்ணீர் பட்டால் விந்து விழித்துக்கொண்டு, ஒரு நிமிடத்துக்குள் ஓய்ந்துவிடும். ஆகவே முட்டையோடு கலந்த பிறகே தண்ணீர் விடுவார்கள்.

2023 ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு. பருவத்தின் முதல் ஈட்டுக்கு முதலாளி சீனுவாசன் பூசை போட்ட பிறகே வெண்ணிலா கத்தியை எடுப்பது வழக்கம். அன்று அவர் ஒன்றரை மணி நேரம் தாமதம். முட்டை முதிர ஊசி போட்ட பெண் மீன் காத்திருக்காது என்பதால் அவள் ஆணை அறுத்துவிட்டாள். வந்தவர் மாவிலையால் தொட்டி, கத்தி, கிண்ணம் எல்லாவற்றின் மீதும் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். இது வேண்டாம், வேறோர் ஆணை அறுக்கிறேன் என்று அவள் கெஞ்சினாள். சாமித் தண்ணீரைத் தீட்டு என்கிறாயா என்று கேட்டு, அதையே கலக்கச் சொன்னார்.

மறுநாள் முட்டை முழுவதும் வெளுத்துக் கிடந்தது. எட்டுப் பேர் முன்னிலையில் சீனுவாசன் சொன்னார்:

“வயித்துல ஒன்னும் தங்காதவ கைய வச்சா, முட்டையில மட்டும் எப்படிம்மா உசுரு தங்கும்? தெரிஞ்சே உன்ன வச்சிக்கினு இருந்தேன் பாரு.”

“தண்ணி தெளிச்சது நீங்க சார்” என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

அன்றே அவளை நீக்கினார், மறுவாரம் என்னையும். அடுத்த ஈட்டுக்குக் கிண்ணத்தில் அவர் தண்ணீர் தெளிக்கவில்லை. குஞ்சு பொரித்தது. ராசியில்லாத கை போனதும் பொரித்தது என்று ஊர் பேசியது. கோலியனூர் வரை எந்தப் பண்ணையும் அவளைச் சேர்க்கவில்லை. இப்போது கூலிக்கு மல்லாட்டைக் கடலை உரிக்கப் போகிறாள்.

நீக்கல் கடிதம், அவளது நோட்டு, அவர் தெளிக்கும்போது எடுத்த கைப்பேசிப் படம் எல்லாம் தேதிவாரியாக என் கோப்பில் உள்ளன. விழுப்புரத்தில் 2016இல் எனக்கு எடுத்த பரிசோதனைச் சீட்டும் அதில் உள்ளது. பெயர்: பச்சமுத்து. விந்தணு எண்ணிக்கை: பூச்சியம். அது அவளுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். அன்று அவள் என்னைப் பார்த்தபோது, நான் மோட்டாரை நிறுத்தப் போய்விட்டேன்.