துரைக்காகக் காத்திருந்த கேக்

என் மகளுக்கு ஐந்து வயது நிறைந்தபோது நான் நடத்திய பிறந்தநாள் விழாவின் போட்டோ ஒன்று இன்னும் பீரோவில் கிடக்கிறது. அதைச் சுவரில் மாட்டும் துணிச்சல் எனக்கு வந்ததே இல்லை.

எழுபதுகளின் நடுவில், பீர்மேட்டில் ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீசில் கிளார்க்காக இருந்தேன். ஒருநாள் கையெழுத்து வாங்க மேனேஜர் பங்களாவுக்குப் போனால், அவர் மகனுக்குப் பிறந்தநாள். பலூன், காகிதத் தொப்பி, மெழுகுவர்த்தி நட்ட கேக். மேனேஜர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் எங்களுக்குத் துரைதான். அரை மணி நேரம் வராந்தாவில் நின்றவன், என் வீட்டிலும் இப்படி ஒன்று நடத்தாவிட்டால் நான் என்ன மனுஷன் என்று கறுவிக்கொண்டு திரும்பினேன்.

"பாயசம் வச்சு, புள்ளையக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வந்தா பத்தாதா? இம்புட்டு ஆடம்பரம் என்னத்துக்கு?" என்றாள் மனைவி. அவள் பேச்சை நான் என்றைக்குக் கேட்டேன்?

கோட்டயத்திலிருந்து இரண்டடுக்கு கேக்கை, மலைப்பாதை வளைவுகளில் குலுங்காமல் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தேன். மேலே கிரீமில் ரோஜாப்பூக்கள். மகள் தொடாமல் எண்ணிப் பார்த்து, எந்தப் பூ எந்தக் கூட்டாளிக்கு என்று காலையிலேயே பங்கு பிரித்துவிட்டாள். "பெரிய பூ அப்பாவுக்கு" என்றாள்.

துரையையும் அழைத்திருந்தேன். ஹெட் கிளார்க் வேலை காலியாகப் போகிறது என்று பேச்சிருந்த நேரம். அதை மனதில் வைத்து அழைக்கவில்லை என்று சொன்னால் பச்சைப் பொய். ஐந்து மணிக்கு வருகிறேன் என்றார்.

நான்கு மணிக்கே எஸ்டேட்டின் கீழ் டிவிஷனிலிருந்து மகளின் கூட்டாளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஜீப் வந்துவிட்டது. தொப்பி மாட்டி, பெஞ்சில் வரிசையாக உட்கார வைத்தேன். ஐந்து ஆனது. ஐந்தரையும் ஆனது.

"இப்ப வெட்டலாமாப்பா?"

"துரை வரட்டும்."

பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை வந்து கேட்டாள். நானும் அதையேதான் சொன்னேன். வெளியே மூடுபனி இறங்கியது. ஜீப் டிரைவர் வாசலுக்கு வந்தார்.

"இனிமே ரோடு தெரியாது சார். புள்ளைகள ஏத்திக்கிட்டுக் கெளம்புறேன்."

பிள்ளைகள் எழுந்தார்கள். "ஏங்க, வெட்டிருவோம். அவரு வரும்போது வரட்டும்" என்றாள் மனைவி. "நீ வாய மூடு" என்றேன். மகள் என்ன நினைத்தாளோ, ஓடிப்போய்க் கத்தியை எடுத்துவிட்டாள். கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டேன். அதற்கு முன் அவளை அடித்ததே இல்லை. கூட்டாளிகள் எல்லோரும் பார்த்தார்கள். பிறகு சத்தமில்லாமல் ஜீப்பில் ஏறினார்கள்.

அவள் அழுது அழுது கட்டிலில் தூங்கிப்போனாள். துரை ஆறே முக்காலுக்கு வந்தார். நான் வரவழைத்திருந்த போட்டோக்காரரும் காத்திருந்தார். தூங்குகிறவளைத் தூக்கித் தோளில் சாய்த்து, அவள் விரல்களைக் கத்தியில் பொருத்தி, நானே கேக்கை வெட்டினேன். ஃபிளாஷ் வெளிச்சத்துக்கும் அவள் கண் திறக்கவில்லை. துரை தனக்கு இனிப்பு ஆகாது என்றார். வாசலில் தன் ஜீப்பின் எஞ்சினை அணைக்காமலேயே உள்ளே வந்தவர், அப்படியே கிளம்பிவிட்டார்.

ஹெட் கிளார்க் வேலை மறுவருஷம் கிடைத்தது. சர்வீஸ்படி எனக்குத்தான் வரவேண்டியது. கேக் இல்லாமலும் வந்திருக்கும்.

பல வருஷங்களுக்குப் பிறகு, என் பேத்தியின் பிறந்தநாளுக்கு மகள் வீட்டுக்குப் போனேன். வழியில் பஸ் பழுதாகி, ஒன்றரை மணி நேரம் தாமதம். நுழையும்போது பிள்ளைகள் வாயெல்லாம் கிரீமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். பெற்ற அப்பனுக்குக்கூடக் காத்திருக்க முடியவில்லையா என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

மகள் தட்டோடு வந்தாள். "புள்ளைக ரொம்ப நேரமா உக்காந்திருந்துச்சுகப்பா. அதான் வெட்டிட்டோம். பெரிய பூவை உங்களுக்குன்னு எடுத்து வச்சிருக்கேன்."

என்னை மன்னிச்சிரும்மா என்று அப்போதாவது கேட்டிருக்கலாம். கேக் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னேன்.