மாமியின் இரத்தமும் தண்ணீருக்கு வந்த டெங்கும்

எங்கள் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் ஒரே மாமியின் இரண்டு மருமகன்கள் வேலை செய்கிறோம். மூத்த மகளைக் கட்டியவன் நான். இளைய மகளைக் கட்டியவன் என் சகலன். அனுபவத்தில் நான் மூத்தவன், தலைமுடியில் மட்டும் அவன் என்னை விட வசதியானவன்.

கொரோனாக் காலத்தில் எங்களுக்கு ஒரு பிசிஆர் இயந்திரம் வந்தது. அதற்குத் தனி அறை, தனிக் குளிரூட்டி, கண்ணாடிக் கதவு. அந்த அறைக்கு யாரைப் பொறுப்பாகப் போடுவது என்று மேலிடம் யோசித்துக்கொண்டிருந்த நாட்களில் நான் தினமும் அயர்ன் பண்ணிய சட்டையோடு வேலைக்குப் போனேன். சகலனைப் போட்டார்கள். அவன் அன்றைக்கும் கசங்கிய சட்டைதான் போட்டிருந்தான்.

அந்த நாட்களில் பிசிஆர் என்ற சொல் தெரியாத ஆள் எங்கள் கரையில் இல்லை. வலை பின்னுகிறவர்களுக்கும் தெரியும், ஆலங்குடாவில் பட்டம் கட்டிக் கடலில் பறக்க வரும் வெள்ளைக்காரர்களுக்கும் தெரியும். கண்டக்குழியில் இருக்கும் எங்கள் மாமிக்கு நன்றாகவே தெரியும். "சின்ன மருமகன் பிசிஆர்ல இரிக்காரு" என்பார், ஏதோ அவன் வெளிநாட்டில் இருக்கிற மாதிரி. "அப்ப பெரியவரு?" என்று யாராவது கேட்டால், "அவரு இரத்தம் எடுப்பாரு" என்பார். வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டில் மரியாதைப் பங்கான பாரை மீன் தலை சகலனின் தட்டுக்குப் போகும். எனக்கு நடுத்துண்டு. நடுத்துண்டில்தான் சதை அதிகம் என்று என் மனைவி ஆறுதல் சொல்லுவாள். சதைக்காகவா நான் அழுகிறேன்?

மழை தொடங்கி டெங்கு கூடிய ஒரு காலத்தில் மாமிக்குக் காய்ச்சல் வந்தது. உடம்பு உளைவு, கண்ணுக்குப் பின்னால் வலி. நான் பையைத் தூக்கிக்கொண்டு காலையிலேயே கண்டக்குழிக்குப் போனேன். நரம்பைத் தேடி ஒரே குத்தில் இரத்தம் எடுத்தேன். இந்தத் திறமையை உலகத்தில் யாரும் பாராட்டியதில்லை. வலிக்காவிட்டால் மறந்துவிடுவார்கள், வலித்தால் பேரப்பிள்ளைக்கும் சொல்லுவார்கள்.

ஆய்வுகூடத்துக்கு வந்ததும் என் கார்டில் போட்டுப் பார்த்தேன். டெங்கு வைரஸ் இரத்தத்தில் கொட்டும் ஒரு புரதத்தைப் பிடிக்கிற சின்னப் பிளாஸ்டிக் கார்ட் அது. சில சொட்டு விட்டுக் காத்திருக்க வேண்டும். இரண்டு கோடு விழுந்தால் டெங்கு. ஒன்று விழுந்தால் கார்ட் ஒழுங்காக வேலை செய்கிறது, புரதம் அகப்படவில்லை என்று அர்த்தம். மாமிக்கு ஒரே கோடு. உடனே தொலைபேசி எடுத்தேன்.

"மாமி, ஒரு கோடுதான் விழுந்திரிக்கி. ஆனா..."

"அல்ஹம்துலில்லாஹ்! இஞ்ச கேட்டீங்களா எல்லாரும், டெங்கு இல்லையாம்! பெரிய மருமகன் பாத்துச் சொல்லிட்டாரு!"

பெரிய மருமகன் பார்த்துச் சொன்னதை மாமி ஊருக்கு அறிவித்தது அதுவே முதல் தடவை. அந்த "ஆனா"வுக்குப் பின்னால் நான் சொல்ல இருந்தது முக்கியமான விஷயம். ஒரு கோடு விழுந்தால் டெங்கு இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. அதைச் சொல்ல வாயைத் திறந்தபோது மாமி அழைப்பைத் துண்டித்திருந்தார். பின்னேரம் பள்ளிவாசல்துறையில் ஒரு கல்யாணம், அதற்குச் சேலை எடுத்து வைக்கப் போயிருப்பார். நான் மனைவிக்கு எடுத்து மிச்சத்தைச் சொன்னேன்.

"அப்ப தங்கச்சிட மாப்பிளைக்கிட்டயும் குடுத்துப் பாருங்களேன்" என்றாள்.

"ஏன், என்ட கார்ட் போதாதா?"

"உங்கட கார்டுக்கு ரோசம் வருமெண்டா சொல்லுங்க, நான் அதுக்கிட்ட மன்னிப்புக் கேக்குறன்."

அதே இரத்தத்தில் மிச்சத்தைக் கண்ணாடிக் கதவு வழியாக நீட்டினேன். சகலன் அதை இரு கையாலும் வாங்கினான். அவன் எதையும் இரு கையால்தான் வாங்குவான். அதுவும் எனக்குப் பிடிக்காது.

அவனுடைய முறை வேறு. முதலில் இரத்தத்திலிருந்து வைரஸின் மரபுப் பொருளைப் பிரித்தெடுக்க வேண்டும். பிறகு இயந்திரம் அதைச் சூடாக்கிக் குளிராக்கி ஒன்றை இரண்டாக, இரண்டை நான்காகப் பெருக்கிக்கொண்டே போகும். ஒரு துளி வைரஸ் இருந்தாலும் திரையில் ஒரு கோடு மலை மாதிரி ஏறும். இல்லாவிட்டால் தரையிலேயே படுத்திருக்கும். ஒவ்வொரு தடவையும் நோயாளிகளின் குழாய்களோடு இன்னும் இரண்டு குழாய் போகும். ஒன்றில் வைரஸ் இருப்பது ஏற்கனவே தெரிந்த ஒரு சோதனை மாதிரி, அது ஏறியே ஆக வேண்டும். மற்றதில் வெறும் தண்ணீர், அது ஏறவே கூடாது. தண்ணீரின் மூடியைக் கடைசிவரை திறந்து வைப்பது வழக்கம். எங்காவது அசுத்தம் கலந்தால் அதுவே சாட்சி சொல்லட்டும் என்றுதான்.

பின்னேர அஸர் தொழுகைக்குப் போனேன். "யா அல்லாஹ், மாமிக்கு டெங்கு இருக்கக் கூடாது" என்று உருகி துஆக் கேட்டேன். கண்ணில் தண்ணீரே வந்தது. அந்த துஆவில் மாமியின் சுகத்துக்கு எத்தனை பங்கு, என் கார்ட் ஜெயிப்பதற்கு எத்தனை பங்கு என்று நான் பிரித்துக் கேட்கவில்லை. கேட்கப்பட்டவனுக்குத் தெரிந்திருக்கும்.

திரும்பி வந்தபோது கண்ணாடிக்கு அப்பால் சகலன் கை காட்டினான்.

"நானா, கொஞ்சம் உள்ளுக்கு வாங்களே."

என்னை எப்போதும் நானா, அதாவது அண்ணன், என்றுதான் அழைப்பான்; அந்த அறைக்குள் மட்டும் கூப்பிட்டதே இல்லை. திரையில் மாமியின் கோடு நன்றாக ஏறியிருந்தது. தெரிந்த மாதிரியின் கோடும் ஏறியிருந்தது. கடைசிச் சுற்றுகளில் சோம்பேறித்தனமாக இன்னொரு கோடும் எழும்பிக்கொண்டிருந்தது.

"இது ஆரு?"

"தண்ணி."

தண்ணீருக்கு டெங்கு! இத்தனை வருடம் நான் காத்திருந்த காட்சி. முகத்தை மரண வீட்டுக்குப் போகிறவன் மாதிரி வைத்துக்கொள்ளப் பட்ட பாடு கொஞ்சமல்ல.

"எப்பிடித் தம்பி நடந்த?"

"தெரிஞ்ச மாதிரிய விட்டு முடிக்க போன் அடிச்சிச்சி. மாமிட காய்ச்சல் எண்டு பதறிட்டன். அதே கையுறையோட எடுத்துப் பேசிட்டு, அதே கையால வந்து தண்ணிட மூடியப் பூட்டிட்டன்."

"ஒனக்குப் போன் எடுத்தது ஆரு?"

"மாமிதான். முடிவு வந்திட்டா மகன் எண்டு கேட்டாங்க."

"என்ட முடிவு காலையிலயே சொல்லியாச்சே! பிறகு ஒனக்கு ஏன் எடுத்தாங்க?"

"நானா, இப்ப அதுவா கதை?"

எனக்கு அதுதான் கதை. மாமி எனக்கு எடுத்திருந்தால் தண்ணீர் சுகமாக இருந்திருக்கும்.

ஆனால் அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "மாமிட கோடு வெள்ளனவே ஏறிட்டு. தண்ணி கடைசியிலதான். எண்டாலும் இத வச்சி நான் ஒண்டும் சொல்ல மாட்டன், திரும்ப ஓட்டணும். நீங்க அந்தப் பிறபொருளெதிரிக் கார்டப் போட்டுப் பாருங்க நானா. அத என்னய விட நீங்கதான் நல்லா வாசிப்பீங்க."

பிறபொருளெதிரி என்பது கிருமியோடு சண்டை போட உடம்பு செய்கிற ஆயுதம். முன்பு ஒரு தடவை டெங்கு வந்த உடம்பு மறுமுறை அதை மிக விரைவாகச் செய்துவிடும். அந்த ஆயுதம் புரதத்தைச் சுற்றிக் கவிழ்ந்துகொண்டால் என் முதல் கார்டுக்குப் புரதம் அகப்படாது. இந்தக் கார்டில் கோடு விழாமல் இருக்க வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அது கறுத்துத் தடித்து விழுந்தது, மாமிக்கு இது இரண்டாம் தடவை என்று.

இரண்டாம் முறை வரும் டெங்குதான் ஆளைக் கவிழ்க்கும். மாமியோ கல்யாணத்துக்குச் சேலை கட்டிக்கொண்டிருக்கிறார். தொலைபேசி எடுத்தேன்.

"மாமி, கல்யாணத்துக்குப் போவாம உடன ஆஸ்பத்திரிக்கு வாங்க. டெங்குதான் போல."

"காலையில இல்லை எண்டீங்களே மகன்?"

"காலையில 'ஆனா' எண்டன் மாமி."

"சின்னவரு என்ன சொல்றாரு?"

தொலைபேசியைச் சகலனிடம் கொடுத்தேன். கையுறை போட்டிருக்கிறானா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். அவன் "நானா சொல்றதக் கேளுங்க மாமி" என்றான். மாமி வந்துவிட்டார்.

இரண்டாவது ஓட்டத்தில் தண்ணீர் தரையில் படுத்திருந்தது. மாமி ஏறினார். வார்டில் சேர்த்ததற்குப் பிறகு அவரது பிளேட்லெட் இறங்கத் தொடங்கியது. நேரம் தவறாமல் இரத்தம் எடுப்பது என் வேலையாயிற்று. மாமியின் கண்ணில் கணக்கு தெளிவானது: சின்னவர் கண்டுபிடித்தார், பெரியவர் குத்துகிறார். பக்கத்துக் கட்டில் பெண்ணிடம் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தார். வாசலில் நின்ற சகலன் அதைக் கேட்டுவிட்டு உள்ளே வந்தான்.

"அப்பிடிச் சொல்லாதீங்க மாமி. நானாட கார்டப் பாத்துத்தான் உங்கள அண்டைக்கே கூட்டிட்டு வந்த."

அவன் கெட்டிக்காரன் என்பதை எப்படியோ பொறுத்துக்கொண்டேன். நல்லவனாகவும் இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை.

ஒரு கட்டத்தில் எண்ணிக்கை மிகவும் கீழே போனது. அந்த மாலை நாங்கள் இருவரும் ஒரே கண்ணாடித் துண்டை மாறி மாறி நுண்நோக்கியில் வைத்து எண்ணினோம், இயந்திரத்தின் கணக்கை நம்பாமல். எனக்கு யார் மீதும் பொறாமை வராத மாலை அது ஒன்றுதான். அடுத்த நாள் எண்ணிக்கை மெல்ல மேலே திரும்பியது. மாமி பாண் கேட்டார், பிறகு கறி சரியில்லை என்று குறை சொன்னார். சுகம் வந்துவிட்டது என்று எல்லோருக்கும் விளங்கியது.

வீட்டுக்கு விடுவதற்கு முன் கடைசியாக ஒரு தடவை இரத்தம் பார்க்க வேண்டும். நான் வேறு வேலையில் இருந்ததால் சகலன் ஊசியோடு வார்டுக்குப் போனான். சற்று நேரத்தில் வெறுங்கையோடு திரும்பினான்.

"என்ன தம்பி?"

"என்னய வேணாமாம். 'நீங்க பிசிஆர் ஆள் மகன், உங்களுக்கு நரம்பு தெரியாது, பெரியவரக் கூப்பிடுங்க' எண்டு கையச் சேலைக்குள்ள ஒளிச்சிட்டாங்க."

கையிலிருந்த வேலையை ஆறுதலாக முடித்தேன். கையை ஆறுதலாகக் கழுவினேன். அவன் காத்துக்கொண்டு நின்றான். சகலனை முன்னே விட்டு வார்டுக்குப் போனேன். மாமி முக்காட்டைச் சரிசெய்து, எனக்காகக் கையை நீட்டி வைத்திருந்தார். ஊசியைப் போடுவதற்கு முன் திரும்பிச் சகலனின் முகத்தைப் பார்த்தேன், கொஞ்சமாவது பொறாமை தெரிகிறதா என்று.

தெரியவில்லை. பஞ்சை இரு கையாலும் ஏந்திக்கொண்டு சிரித்தபடி நின்றான், சனியன்.