கருவாட்டுக்கு மேலே தொங்கிய டிவிடி

இந்தக் காலத்தில் டிவிடி டிரைவ் விற்பது என்பது, விற்கிறவனுக்கும் நம்பிக்கையில்லாத, வாங்குகிறவனுக்கும் விளங்காத ஒரு தொழில். ராயபுரம் கல்மண்டபத்தில் பதினெட்டு வருஷமாகக் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். சொந்த ஊர் திருச்செந்தூர் பக்கம் என்பதால், நான் விற்பது மதர்போர்டாக இருந்தாலும் ஏரியாவுக்கு நான் அண்ணாச்சிதான். ஒரு பெண்மணி லேப்டாப் சார்ஜரை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, அப்படியே கால் கிலோ துவரம் பருப்பும் கேட்டிருக்கிறார். என்னைப் போலக் கடை போட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கும், எங்களிடம் வந்து மாட்டிக்கொள்பவர்களுக்கும் இது புதிதாக இருக்காது. இரண்டு கட்சியும் படுகிற பாடு ஒன்றுதான்.

வாயில்லாப் பெட்டி

மைக்கேல் அண்ணன் துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். எந்தச் சாமானையும் தூக்கி எடை பார்த்த பிறகுதான் அதைப் பற்றிப் பேசுவார். அன்றைக்கு ஒரு புது லேப்டாப்போடு வந்தார். மீனுக்குச் செவுள் பார்க்கிற மாதிரி நாலு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, டிஸ்க் போடுகிற ஓட்டை எங்கே என்று கேட்டார்.

லேப்டாப் அவர் தங்கை மகள் ஜென்சியுடையது. ஜென்சிக்கு மூன்று வாரத்தில் கல்யாணம். அவள் அப்பா ஆரோக்கியம், அவளுக்குப் புதுநன்மை கொடுத்த வருஷமே தவறிவிட்டார். ஒன்பது வயதில் கோயிலில் முதல்முறையாக நற்கருணை வாங்கிய அந்த விசேஷத்தை வீடியோ எடுத்து ஒரு டிவிடியில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஆரோக்கியம் நடப்பதும் பேசுவதும் இருக்கிற ஒரே இடம் அதுதான். வீட்டுச் சுவரில் போட்டோ இருக்கிறது. ஆனால் அப்பாவின் குரல் எப்படி இருக்கும் என்பதே மறந்துபோச்சு, கல்யாணத்துக்கு முன்னால் ஒருமுறை கேட்கவேண்டும் என்கிறாளாம் பெண்.

இப்போதெல்லாம் லேப்டாப்பில் டிஸ்க் போடும் வசதி வருவதில்லை, வெளியே வைத்து யுஎஸ்பி வயரில் மாட்டுகிற டிரைவ் தனியாக வாங்கவேண்டும் என்று விளக்கினேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். எப்பேர்ப்பட்ட டிஸ்க்கானாலும் ஓட்டிக் காட்டுவது என் பொறுப்பு என்று வாயை வேறு விட்டேன். அவர் என் பொறுப்பைக் கண்டுகொள்ளவே இல்லை. லேப்டாப்பையே பரிதாபமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாயே இல்லாத பொட்டிய நம்ம தலையில கட்டிட்டான். நீ இன்னாடான்னா வாய மட்டும் தனியா வாங்க சொல்ற."

கூம்பு

டிரைவ் வாங்கினால் மட்டும் படம் ஓடாது. ஓட்டுவதற்கு மென்பொருள் வேண்டும். புதுக் கம்ப்யூட்டர்களில் டிவிடிக்கென்று எதுவும் சேர்த்துக் கொடுப்பதில்லை. காசு கொடுத்து வாங்குகிற மென்பொருள் நாலைந்து உண்டு. மாதம் ஒருமுறை புதுப்பி, புதுப்பி என்று உயிரை எடுக்கும். நான் எல்லோருக்கும் போட்டுக் கொடுப்பது இலவசமாகக் கிடைக்கிற ஒன்றை. அதன் அடையாளம், ரோட்டில் வைக்கிற ஆரஞ்சு நிறக் கூம்பு.

மைக்கேல் அண்ணன் லேப்டாப்பிலும் அதையே போட்டு, கடையில் கிடந்த ஒரு பழைய சினிமா டிஸ்க்கை வைத்து, கூம்பின்மேல் இரண்டு தடவை தட்டச் சொன்னேன். அவர் விரலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வாழ்நாள் முழுக்க டிவிஎஸ் ஓட்டியவர். நானே தட்டினேன். படம் அழகாக ஓடியது. வீட்டு டிஸ்க்கையும் கொண்டுவந்திருந்தால் இப்போதே பார்த்திருக்கலாமே என்றேன். அது தங்கச்சி பிலோமினாவிடம் பத்திரமாக இருக்கிறது என்றார். அவருக்குக் கூம்புதான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது.

"ரோட்டுல இத வச்சா பள்ளம் கீது, போவாதன்னு அர்த்தம். நீ அது மேலயே ஏறி உள்ள போ சொல்ற."

அஞ்சு தடவைதான்

அதே வாரம் திருவொற்றியூரிலிருந்து ஒரு கப்பல் சமையல்காரர் வந்தார். வருஷத்தில் ஒன்பது மாதம் கடலில் இருப்பவர். கப்பல் நிற்கிற ஊரிலெல்லாம் டிஸ்க் வாங்குவது அவர் பழக்கம். போன தடவை என்னிடம் வாங்கிய டிரைவ் இப்போது பாதி டிஸ்க்கை எடுக்கவில்லை என்று சண்டைக்கே வந்துவிட்டார்.

விஷயம் இதுதான். கடையில் விற்கிற டிவிடிப் படங்களுக்கு நாட்டுக்கு நாடு ஒரு மண்டல எண் உண்டு. டிரைவ் எந்த மண்டலத்துக்கென்று நாம் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மொத்தமே ஐந்து தடவைதான். அதற்குப் பிறகு கடைசியாக வைத்த மண்டலத்திலேயே பூட்டிக்கொள்ளும். இவர் டிஸ்க் மாற்றும்போதெல்லாம் மண்டலத்தையும் மாற்றி, ஐந்தையும் ஒரே நாளில் தீர்த்திருக்கிறார். கூம்பைப் போட்டுப் பார்த்தேன். அதிலும் சில டிஸ்க் ஓடியது, சில மறுத்தது. விற்கும்போதே இதை நான் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. அதனால்தான் குரலை உயர்த்திப் பேசினேன். அவர் உயர்த்தவில்லை.

"நான் அம்பது துறைமுகம் எறங்கி ஏறிட்டேன் அண்ணாச்சி, எவனும் என்னைத் தடுக்கல. வூட்ல கீற தட்டு என்னை விசா கேக்குது."

கிரீஸ்

கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது மைக்கேல் அண்ணன் திரும்ப வந்தார். புது டிரைவ் எந்த டிஸ்க்கையும் எடுக்கவில்லையாம். டிஸ்க் வைக்கிற தட்டைத் திறந்து பார்த்தேன். கறுப்பாக, கெட்டியாக, பளபளவென்று கிரீஸ். இரும்பு வடத்துக்குப் போடுகிற அசல் துறைமுகச் சரக்கு. ஓய்வு பெறும்போது ஒரு டப்பா வீட்டுக்குக் கொண்டுவந்தாராம்.

தட்டு இழுக்கும்போது லேசாகக் கிறீச்சென்றது என்றார். முப்பது வருஷம் கிரேன் ஓட்டினவருக்குச் சத்தம் போடுகிற எந்த இயந்திரத்துக்கும் மருந்து ஒன்றுதான். மெலிதான இந்த வகை டிரைவில், டிஸ்க்கைப் படிக்கிற லென்ஸ் தட்டின்மேலேயே திறந்தாற்போல இருக்கும். அதைக் காணவே காணோம். கோபத்தை அடக்கிக்கொண்டு, நடுவில் சின்னக் கண்ணாடி மாதிரி ஒன்று இருந்ததே, அதை என்ன செய்தீர்கள் அண்ணே என்று கேட்டேன்.

"அந்தக் கண்ணுக்கும் ஒரு சொட்டு வச்சேன். பாவம், காஞ்சி போயி கெடந்துது."

பதினோரு டிஸ்க்

வேறு டிரைவ் கொடுக்கிறேன், ஆனால் இந்தத் தடவை டிஸ்க் இங்கே வந்தாகவேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். மறுநாள் பிலோமினா அக்காவே வந்தார். காசிமேட்டில் கருவாடு போடுகிறவர். கையில் ஒரு நைலான் பை. பை வருவதற்கு முன்னால் வாசனை வந்தது. வாசனையோடு ஒரு பூனையும் வந்தது.

பையைக் கவிழ்த்தார். பதினோரு டிஸ்க், ஒவ்வொன்றின் நடு ஓட்டையிலும் வலைக்கயிறு முடிச்சு. எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. நீங்களும் பார்த்திருப்பீர்கள், கருவாடு காயப்போடுகிற இடத்தில் கொம்பு நட்டு, குறுக்கே கயிறு கட்டி, பழைய டிஸ்க்குகளைத் தொங்கவிடுவார்கள். காற்றில் சுற்றி வெயிலில் மினுங்கினால் காக்கா கிட்டே வராது. நாலு வருஷத்துக்கு முன்னால் வீட்டில் பிளேயர் ரிப்பேரானதும், பையோடு கிடந்த டிஸ்க்கையெல்லாம் எடுத்து அக்கா கட்டிவிட்டார். புருஷன் போன பிறகு அந்த வீடியோவைப் பார்க்கத் தைரியம் இல்லை, அதனால் அது எந்த டிஸ்க் என்றே அவருக்குத் தெரியவில்லை. மேலே எழுதியிருந்ததை வெயில் எப்போதோ அழித்துவிட்டது.

பத்து டிஸ்க் அடிப்பக்கம் வெள்ளியாக இருந்தது. அவை சினிமா. ஒன்று மட்டும் லேசான ஊதா. வீடியோக்காரர்கள் பதிந்து கொடுக்கிற டிஸ்க் அந்த நிறத்தில்தான் இருக்கும், வெயில் பட்டால் உள்ளே பதிந்தது வெளுத்துப்போகும். நாலு வருஷ வெயில். இதுவாகத்தான் இருக்கும் என்றேன். அக்கா அதைக் கையில் வாங்கி, முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தார். அதுதான் எல்லாவற்றையும்விட நன்றாக மினுங்கும் என்று நெத்திலிக்கு நேர் மேலே கட்டியிருந்தாராம். இத்தனை நாள் யார் மேலேயோ கோபப்பட வேண்டும் என்றிருந்த எனக்கு, அந்த முகத்தைப் பார்த்ததும் யார் மேலும் வரவில்லை.

"கருவாட்டுக்கு ஆரோக்கியத்த காவல் வச்சேன்னு ஜென்சிக்கு மட்டும் தெரியக் கூடாது அண்ணாச்சி. அது எங்கிட்ட பேசாது."

பதினான்கு விநாடி

புது டிரைவ் அந்த டிஸ்க்கை உள்ளே இழுத்தது, இரண்டு தடவை முனகியது, வெளியே துப்பியது. இன்னொரு புது டிரைவும் அதையே செய்தது. கூம்பு ஒன்றும் இல்லை என்று கைவிரித்தது. என் கடை மூலையில், பில் போடுவதற்கென்று ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. அதில் செங்கல் கனத்துக்கு ஒரு பழைய டிரைவ். விற்றால் யாரும் வாங்கமாட்டார்கள் என்பதால் மட்டும் தப்பித்தது. அதில் போட்டு, படித்தவரைக்கும் நகலெடுத்துக்கொள், படிக்க முடியாததை விட்டுவிட்டுப் போ என்கிற மென்பொருளை ஓடவிட்டேன். மூன்று நாள் ஓடியது. பில்லெல்லாம் கையால் எழுதினேன். பூனை அந்த டிரைவுக்கு முன்னாலேயே படுத்துக் கிடந்தது.

நாலாம் நாள் அம்மாவும் மகளும் வந்தார்கள், பின்னாலேயே மைக்கேல் அண்ணன். மொத்த வீடியோவில் தேறியது பதினான்கு விநாடி என்று சொல்லும்போது எனக்கே அவமானமாக இருந்தது. ஜென்சி டிஸ்க்கை எடுத்தாள், மூக்குக்கிட்டே கொண்டுபோனாள், அம்மாவைப் பார்த்தாள். கீழே வைத்தாள்.

ஓடவிட்டேன். பாதித் திரை கட்டம் கட்டமாக உடைந்திருந்தது. பந்திக்கு நடுவில் வெள்ளைச் சட்டையில் ஒருவர், கையில் பிரியாணி வாளி. முகம் ஒரு கணம் தெரிந்தது, மறைந்தது. குரல் மட்டும் பிசிறில்லாமல் வந்தது. கேமராவைத் தாண்டி யாரையோ பார்த்து அதட்டினார்: "ஏ பிலோமி, வீடியோக்காரனுக்கு சோறு போட்டியா?" அவ்வளவுதான். அத்தோடு நின்றுவிட்டது.

ஜென்சி இன்னொரு தடவை என்றாள். போட்டேன். இன்னொரு தடவை என்றாள். மைக்கேல் அண்ணன் எழுந்து வாசலுக்குப் போய், என் ஷட்டருக்கு எண்ணெய் போடவேண்டும் என்று வெளியே பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். நாலாவது தடவை அந்தக் கேள்வி வந்து நின்றதும், பிலோமினா அக்கா முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு திரைக்கு நேராகப் பதில் சொன்னார்.

"போட்டேன்யா. ரெண்டு தபா துன்னான்."

எந்த டிரைவ் வாங்கலாம், எந்த மென்பொருளில் ஓட்டலாம் என்று வருகிறவர்களிடம், டிஸ்க்கை எங்கே தொங்கவிட்டிருக்கிறீர்கள் என்று முதலில் கேட்டுக்கொண்டு அப்புறம்தான் நான் வாயைத் திறக்கிறேன்.