சீர்க்கட்டிலில் ஏறிய கட்பீஸ்

மண்ணரை ஊருக்குள் சென்னம்மாளின் வாய்க்குப் பயப்படாதவர்கள் குறைவு. பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிற வேலை அவளுக்கு. கத்தரி ஓடுகிற வேகத்துக்கு வாயும் ஓடும். வீட்டைக் கழுவிக் கழுவியே தரையைத் தேய்த்துவிட்டாள் என்று அக்கம்பக்கத்தில் கேலி பேசுவார்கள். செவ்வாய்க்கிழமை என்றால் முருகன் படத்துக்கு முன்னால் ஈரத்தலையோடு நிற்பாள், குறுக்கே ஒரு கோழி வந்தால்கூடத் தொலைந்தது. அப்படிப்பட்டவள் வீட்டுக்குத்தான் அவள் புருஷன் அர்த்தநாரி சாப்பாட்டுப் பையில் ஒரு நாய்க்குட்டியைப் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார்.

அவர் அதே கம்பெனியில் நிட்டிங் மிஷின் ஓட்டுகிறவர். வெட்டித் தள்ளிய துண்டுத்துணி மூட்டைக்குள் குட்டி கிடந்ததாம். வெள்ளை நிறம், கால்கள் மட்டும் பாதியில் நின்றுபோன மாதிரி குட்டை. கட்பீஸ் என்று பேரும் வைத்துவிட்டார்.

"அது வாசப்படி தாண்டுச்சுன்னா நானு எங்கப்பன் ஊட்டுக்குப் போயிருவேன், பாத்துக்குங்க."

"உன்னாட்டமே குட்டையா இருக்குது புள்ள. என்னத்தத் தாண்டப் போவுது?" என்று சிரித்தார் அவர்.

பிள்ளையில்லாத வீடு. அவர் சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து அந்த நாயோடு பேசுவதைக் கேட்டுக்கொண்டே சமைப்பாள் சென்னம்மாள். திட்டினாளே தவிர, ஒரு நாளும் அதற்குச் சோறு வைக்க மறந்ததில்லை.

அறுபத்தாறாம் வருஷம் ஐப்பசியில் அர்த்தநாரிக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. மிஞ்சியது ஒரே ஒரு சொல்தான். எதற்கென்று தெரியாமல், வீட்டில் எல்லோரையும் பார்த்து "எறக்கு, எறக்கு" என்றார்.

அவர் கிடந்தது சென்னம்மாளுக்குச் சீராக வந்த தேக்குக் கட்டில். இடுப்பு உயரம் இருக்கும். உயிர் பிரிகிற நேரத்தில்தான் ஆளைக் கட்டிலிலிருந்து தரைக்கு இறக்குவார்கள், கட்டிலிலேயே போய்விடக் கூடாது என்று. அவர் அதைத்தான் கேட்கிறார் என்று நினைத்தாள் சென்னம்மாள்.

"ஏனுங்க இப்படிப் பேசறீங்க? உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுங்க. அந்தப் பேச்சை உடுங்க" என்று அழுவாள். அப்புறம் அதட்டுவாள். அவர் கண்ணை மூடிக்கொள்வார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதே சொல்.

சோறு பொங்க வேண்டுமே, அவள் வேலைக்குப் போய்த்தான் ஆகவேண்டும். பகலில் அடுத்த வீட்டிலிருந்து அவர் அக்கா காளியாத்தாள் வந்து கஞ்சி கொடுத்துவிட்டுப் போவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த சென்னம்மாள் அப்படியே நின்றுவிட்டாள். அர்த்தநாரியின் நல்ல கை கட்டிலுக்கு வெளியே தொங்கித் தடவிக்கொண்டிருந்தது. கீழே, வாசப்படி தாண்டி வந்திருந்த கட்பீஸ் பின்னங்கால்களில் நின்று மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது. விரலுக்கும் மூக்குக்கும் நடுவில் ஒரு சாண். எட்டவில்லை.

"எறக்கு" என்றார் அவர்.

"இதுக்காங்க? இத்தன நாளும் இதுக்காங்க சொன்னீங்க?"

அவர் தலையை ஆட்டினார். கண்ணீர் காதுக்குள் வழிந்தது.

ஆனாலும் அவரைத் தரையில் படுக்கவைக்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. இறக்கினால் அப்படியே போய்விடுவார் என்கிற பயம் எலும்பில் ஊறிக் கிடந்தது. நாயைத் தூக்கி மேலே வைக்கலாம், ஆனால் பகலெல்லாம் கம்பெனியில் இருக்கிறவள் என்ன செய்ய முடியும்? அதுவாகவே ஏறக் கற்றுக்கொள்ள வேண்டும்.

காளியாத்தாளுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. "மனுசன் படுக்கற எடத்துல நாயா? இன்னிக்கு ஏறப் பழக்கிப்போட்டா நாளைக்கு எறக்க முடியாது புள்ள."

"பரவால்லீங்க நங்கையா. கழுவிக்கறது நாந்தானுங்களே" என்று நாத்தனாரிடம் சொன்னாள் சென்னம்மாள்.

கட்டிலோரம் ஒரு நூல் பெட்டியைப் போட்டு, அதன்மேல் வர்க்கி ரொட்டியைப் பிய்த்து வைத்தாள். பெட்டிக்கு ஏறியது. பெட்டியிலிருந்து கட்டிலுக்குத் தாவி, சறுக்கி, நகத்தால் தேக்கைக் கீறிக்கொண்டே விழுந்தது. "எங்கப்பன் ஆசையாச் செஞ்ச கட்டிலுடா அது, பாத்து ஏறுடா" என்று திட்டிக்கொண்டே மறுபடியும் வர்க்கியை நீட்டினாள். தை பிறப்பதற்குள் கட்பீஸ் ஏறிவிட்டது. ஏறிய வேகத்தில் அவர் மார்பிலேயே போய் விழுந்தது. அர்த்தநாரி தொண்டைக்குள்ளிருந்து என்னவோ சத்தம் எழுப்பினார். அது சிரிப்பு என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

இறங்க மட்டும் அதற்குத் தெரியவில்லை. விளிம்பில் நின்று கீழே பார்த்து முனகும். சாயங்காலம் சென்னம்மாள் வந்துதான் தூக்கி இறக்கிவிடுவாள். ஏறப் பழக்கியவளுக்கு இறங்கப் பழக்கத் தோன்றவில்லை. அர்த்தநாரியும் அந்தச் சொல்லை அதற்குப் பிறகு சொல்லவேயில்லை.

பங்குனியில் ஒரு மத்தியானம் கம்பெனிக்கு ஆள் வந்தது. கத்தரியைப் போட்டுவிட்டு ஓடினாள். அதற்குள் காளியாத்தாளும் சொந்தக்காரர்களும் அவரைத் தரையில் கிடத்தியிருந்தார்கள். கட்டிலை வெளியே வேப்பமரத்தடியில் தூக்கிப் போட்டிருந்தார்கள். மேலே கட்பீஸ் நின்று கத்திக்கொண்டிருந்ததை, உள்ளே ஓடும்போது பார்த்தும் பார்க்காமல் போனாள்.

அர்த்தநாரி அவளைப் பார்த்தார். கை தரையில் என்னவோ தேடியது. "எறக்கு" என்றார்.

"எறக்கியாச்சு சாமி, எறக்கியாச்சு" என்று காளியாத்தாள் அவர் தலையைத் தடவினாள்.

நாயைத்தான் கேட்கிறார் என்று சென்னம்மாளுக்குப் புரிந்துவிட்டது. எழுந்தாள். காளியாத்தாள் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "பால் ஊத்தற நேரத்துல எங்க போற? உக்காரு."

பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் பயப்படாதவள் அன்றைக்கு உட்கார்ந்துவிட்டாள். பாலைத் தொட்டு உதட்டில் விட்டாள். அது வாயோரம் வழிந்தது. "எறக்கு" என்று மறுபடியும் அவர் உதடு அசைந்தபோதுதான் கையை உதறிக்கொண்டு வெளியே ஓடினாள்.

நாயைத் தூக்கிக்கொண்டு அவள் வாசல்படி ஏறும்போது உள்ளே அழுகை கேட்டது.

ஆனாலும் கட்பீஸை அவர் கைப்பக்கம் இறக்கி விட்டாள். அது கையை முகர்ந்தது. பிறகு தலையைத் தூக்கி, கட்டில் கிடந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டு நின்றது.

"ஒரு பாய விரிச்சு அன்னிக்கே எறக்கியிருந்தா ஆயிருக்குமேங்க, ஒரு பாய்தானுங்களே" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அதன் பிறகும் பல வருஷம் அவள் கம்பெனிக்குப் போனாள். நாயோடு தரையில்தான் படுத்தாள். வாய் பழையபடி ஓடியது. ஆனால் தலையில் துணிமூட்டையோடு வந்து நின்றால் "எறக்குங்க" என்று மட்டும் சொல்லமாட்டாள். யாராவது கவனிக்கும்வரை சுமையோடு நிற்பாள். பாரம் தாங்காமல் போனால், "கொஞ்சம் புடிங்க" என்பாள்.